ஏழு எண்ணும் வரை கண்ணை மூடு

"மேடையில ஐம்பத்து நாலு பேர் நின்னாங்க மேடம். அவங்க நடுவுலதான் ஒருத்தர் செத்தார். ஒருத்தர்கூடப் பார்க்கல" என்றார் போட்டோகிராபர்.

"அவ்வளவு நெருங்கின சொந்தமா?" என்றேன் நான்.

மேடம் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அதில் மனிதர்கள்மேல் அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் கரைந்துபோய், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். என்னை ‘வால்’ என்று கூப்பிடுவார். எப்போதும் அவர் பின்னாலேயே போவதால் அந்தப் பெயர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அடங்காததால் வைத்தது என்று அவர் சொல்வார்.

ஸ்டூடியோ சின்னதுதான். ஒரு முக்காலி, அதன் இரண்டு பக்கமும் குடை விளக்குகள், நீலத் திரை. சுவர் முழுக்கக் கல்யாணக் குரூப் போட்டோக்கள். உள்ளறைக்குப் போகும் வாசலில் ஒரு துணி தொங்கியது. அதற்குப் பின்னால் யாரோ கம்ப்யூட்டரில் வேலை செய்யும் சத்தம் கேட்டது.

"விவரமா சொல்லுங்க" என்றார் மேடம்.

"போன ஞாயித்துக்கிழமைக் கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்சு குரூப் போட்டோ. அந்தச் சம்பந்தத்தை முடிச்சு வெச்ச கல்யாணத் தரகர் பின்வரிசையில ஓரமா, என் மரப்பெட்டி மேல நின்னார். பெட்டி சரிஞ்சு மேடையிலேருந்து பின்பக்கமா விழுந்தார். பின்மண்டை படியில பட்டுது. தண்ணி கொடுக்கக்கூட நேரமில்ல."

"ஐம்பத்து நாலு பேரும் ஏன் பார்க்கல?"

"கண்ணை மூடியிருந்தாங்க. நான்தான் மூடச் சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சின்னதாக ஒரு தொழில் பெருமை எட்டிப்பார்த்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கண் சிமிட்டிவிடுவாராம். அதனால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, எண்ணி முடித்ததும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வார்களாம். அப்போதுதான் திறந்த கண் உடனே சிமிட்டாது. அந்த ஒரு நொடியில் படம்.

"எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"ஏழு."

மேடம் தலையாட்டினார்.

"இப்ப தரகரோட மகன், என் பெட்டிதான் அவங்கப்பாவைக் கொன்னுதுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கார். நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. முப்பது வருஷத் தொழில் மேடம். நான் உள்ள போனா என் பொண்ணுக்கு யாரிருக்கா? பெட்டி தானா சரியல. இதைப் பாருங்க."

பெரிய படம் ஒன்றை மேஜையில் வைத்தார். மேடை நிறைய மனிதர்கள். மணமகன், மணமகள் உட்பட எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தக் குடும்பமும் ஒரே நேரத்தில் புளிப்பைக் கடித்ததுபோல இருந்தது. இடது ஓரத்தில், பெட்டிமேல், குட்டைத் தரகர். உயிரோடு இருந்த கடைசி நொடியில் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மூணு எண்ணும்போது வெளிச்சம் பார்க்க ஒண்ணு எடுத்தேன். ஐம்பத்து மூணு பேர் கண்ணு மூடியிருக்கு. இவ கண்ணு மட்டும் திறந்திருக்கு."

தரகருக்குப் பக்கத்தில், பெட்டி இல்லாமல், சாம்பல் நிறப் பட்டுச் சேலையில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அகலத் திறந்த கண்கள். தரகர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் இவங்க?"

"அதுதான் தெரியல. பொண்ணு வீட்டுல கேட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு சொல்றாங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா பொண்ணு வீட்டுக்காரங்கன்னு சொல்றாங்க."

"ரெண்டு வீட்டுக்கும் வேண்டாத அம்மா. அப்ப கொலைகாரிதான், சந்தேகமே இல்ல" என்றேன்.

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன்! தள்ளப்போற ஆளை எப்படிப் பார்க்கறா பாருங்க. இவளைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க, போதும்."

"நீங்க அப்ப எங்க நின்னீங்க?" என்றார் மேடம்.

"கேமராவுக்குப் பின்னாடி. போட்டோகிராபர் வேற எங்க நிப்பான்?"

மேடம் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: தொடாதது.

"இது என்ன?"

துணியை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். இடது கன்னம் முழுக்க, காதிலிருந்து உதட்டோரம் வரை, தீக்காயத் தழும்பு.

"நான் எழுதினது. மூடின கண்ணை எடுத்துட்டு வேற படத்துலேருந்து திறந்த கண்ணை ஒட்டுறது என் வேலை. கை வெச்ச படத்துல தொட்டதுன்னு எழுதுவேன். கை வெக்காததுல தொடாததுன்னு எழுதுவேன். இல்லன்னா ஆல்பத்துல கலந்துடும்."

"என் பொண்ணு. இவதான் இந்தப் படத்தைக் கண்டுபிடிச்சா" என்றார் போட்டோகிராபர் அவசரமாக. "தரகரோட மகன் இங்க வந்து என் சட்டையைப் பிடிச்சப்போ இதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் போட்டா. சரி, நீ உள்ள போம்மா. ஆளுங்க வர்ற நேரம்."

அவள் போனாள். எனக்கு நேர் எதிரே சுவரில் அவளுடைய படமே மாட்டியிருந்தது. இருபது வயதில் எடுத்தது. அந்தக் கன்னம் பால்போல இருந்தது.

"தழும்பு அதுக்கப்புறம் வந்ததா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கில் சனி.

"ஆறு வயசுல. இங்கதான். விளக்கு வெடிச்சு" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மேடம் இது எதையும் காதில் வாங்கவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு குரூப் போட்டோவையும் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்ததும், "வால், சேலை ஓரத்தைப் பாரு" என்று படத்தை நீட்டினார். முன்னால் இழுத்துப் போர்த்திய முந்தானையின் ஓரத்தில் ஊக்கு குத்திய வெள்ளைத் துணுக்கு ஒன்று தெரிந்தது. மேடத்தின் பூதக்கண்ணாடியில் அது 318 என்ற எண் ஆனது. லாண்டரித் துணுக்கு.

"கல்யாணத்துக்கு வர்றவ இதைக்கூடக் கழட்டாம வருவாளா?" என்றேன்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘முந்தானையில ஏதோ தொங்குது பாரு’ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்டா. அது இல்லாதவ."

மண்டபத்தைச் சுற்றி ஆறு லாண்டரிகள். ஐந்தில் திட்டு வாங்கினோம். ஆறாவதில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு லாண்டரிக்காரர் சிரித்தார்.

"318-ஆ? ஒரே ஒரு பட்டுச் சேலை சார். திங்கட்கிழமை ஆனா வந்துடும். சனிக்கிழமை வாங்கிட்டுப் போயிடுவாங்க. வாரா வாரம் விருந்துக் கறை. எங்க வீட்டுல ஒரு வருஷத்துக்கு ஒரு கல்யாணம் வர்றதே கஷ்டம். அந்தம்மாவுக்கு எவ்வளவு பெரிய குடும்பமோ!"

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து அந்தச் சிரிப்புக்காக வெட்கமாக இருந்தது.

விலாசம் வாங்கியதும் நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல செய்தியை ஆறப்போடக்கூடாது என்பது என் கொள்கை. போட்டோகிராபரைக் கூப்பிட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டேன். மேடத்திடம் கேட்கவில்லை.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. சாம்பல் நிறச் சேலைக்காரி இப்போது வெளுத்த பருத்திச் சேலையில் கதவைத் திறந்தாள். படத்தைக் காட்டியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் மாப்பிள்ளை வீட்டு உறவுங்க. தூரத்து உறவு."

"மாப்பிள்ளை பேர் என்ன?" என்றார் மேடம்.

அவள் அந்தத் தட்டை எடுத்து மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"பொண்ணு பேர்? வேண்டாம், வீட்டுல யாராவது ஒருத்தர் பேர்? அன்னிக்கு வந்திருந்த சமையல்காரன் பேராவது தெரியுமா?"

"விடுங்க மேடம்" என்றேன்.

அவர் விடவில்லை. பதில் வரும்வரை அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். பையன் வெளிநாடு போய்ப் பதினொரு வருஷம் ஆச்சு. மத்த நாள் எப்படியோ ஓடிடும். ஞாயித்துக்கிழமை இந்த ரூம்ல இருக்க முடியாதுங்க. கல்யாணத்துக்குப் போனா யாராவது ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேப்பாங்க. அதுக்காகத்தான் போறேன். திருட மாட்டேன். ஒரு சாக்லேட்கூட எடுத்துட்டு வந்ததில்ல."

"எல்லாரும் கண்ணை மூடினப்போ நீங்க ஏன் மூடல?"

"கூப்பிடாத இடத்துக்குப் போறவ கண்ணை மூடுவாளா? திறக்கும்போது எவனாவது கையைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டிருப்பான்."

எனக்கு இதற்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

"அழைப்பில்லாதவ மேடையில ஏறலாமா? ஓரமா சாப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் மேடம்.

"நானா ஏறலீங்க. கூப்பிட்டாங்க. ‘தரகர் பக்கத்துல இடம் காலியா இருக்கு, சாம்பல் சேலை அம்மா, நீங்க வந்து நில்லுங்க’ன்னு மைக்ல கூப்பிட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு கல்யாணத்துல என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள்..."

கதவு திறந்தது. போட்டோகிராபர் மூச்சிரைக்க உள்ளே வந்து விரலை நீட்டினார்.

"இவதான்! பாவி, நீதானேடி தள்ளினே?"

அந்த அம்மா எழுந்து நின்றாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். ஆச்சரியமாகத்தான் பார்த்தாள்.

"நீங்கதானே என்னைக் கூப்பிட்டு நிறுத்தினீங்க?" என்றாள்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவருக்கு யார் விலாசம் கொடுத்தது?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "பரவாயில்ல வால். மாடி ஏறி இறங்குற வேலை மிச்சம். உக்காருங்க போட்டோகிராபரே. இருக்கறது ஒரு நாற்காலிதான், அது உங்களுக்குத்தான்."

அவர் உட்காரவில்லை.

"உங்க சுவத்துல முப்பத்தோரு குரூப் போட்டோ இருக்கு. குட்டையானவங்க எல்லாரையும் முன்வரிசையில நடுவுல நிறுத்தியிருக்கீங்க. ஒருத்தரைக்கூட ஓரத்துல பெட்டி மேல ஏத்தல. தரகரை மட்டும் ஏன் ஏத்தினீங்க?"

"அது... அன்னிக்குக் கூட்டம்..."

"அம்மா, மத்த கல்யாணங்கள்ல போட்டோகிராபருங்க எத்தனை வரைக்கும் எண்ணுவாங்க?"

"எல்லா இடத்துலயும் மூணுதாங்க. அன்னிக்குதான் ஏழுன்னாங்க."

"பெட்டி மேல நிக்கறவரைப் பார்க்கணும்னா கண்ணு மேல போகணும். படத்துல உங்க கண்ணு கீழ போகுது. பெட்டிகிட்ட என்ன பார்த்தீங்க?"

அந்த அம்மா போட்டோகிராபரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இவரோட காலை. சட்டைக் காலர்ல மைக் மாட்டியிருந்தார். இழுத்து இழுத்து எண்ணிக்கிட்டே கேமராவை விட்டுட்டுப் பக்கத்துப் படி வழியா ஏறி வந்தார். குரல் ஸ்பீக்கர்லதான் வந்தது. அதனால வந்தது யாருக்கும் தெரியல. மூணுன்னு சொல்லும்போது பெட்டியை ஒரு உதை. அப்பவே ஃப்ளாஷ் அடிச்சுது. கையில தீப்பெட்டி அளவுக்கு ஒரு பட்டன் வெச்சிருந்தார். மேளச் சத்தத்துல விழுந்தது யாருக்கும் கேக்கல, ஏழு எண்ணி முடிக்கறதுக்குள்ள கேமராகிட்டத் திரும்பிட்டார்."

"உதைக்கும்போது கை இறுகும், கையிலிருக்கற ரிமோட் பட்டன் அழுந்தும். ஓரத்துக்கு வெளிய நின்னதால ஆள் படத்துல விழல, காலை முன்வரிசை மறைச்சிடுச்சு. வெளிச்சம் பார்க்க எடுத்த படமாம்!" என்றார் மேடம். "எல்லாம் சரியாத்தான் பண்ணீங்க. வரிசையில ஒரு இடம் காலியா இருந்தா உங்களால பொறுக்க முடியல பாருங்க, அங்கதான் கெட்டுது. முப்பது வருஷப் பழக்கம். கொலை பண்ணப்போற நேரத்துலயும் ஓட்டையை அடைக்க ஒரு ஆளைக் கூப்பிட்டு, உங்களுக்கு நீங்களே சாட்சி வெச்சுக்கிட்டீங்க."

போட்டோகிராபர் வியர்வையைத் துடைத்தார். பிறகு, பாராட்டத்தான் வேண்டும், சிரித்தார்.

"கல்யாணத்துல திருட்டுச் சோறு தின்னவ பேச்சை எவன் நம்புவான்? ‘உன்னை யார் கூப்பிட்டா’ன்னு கோர்ட்ல முதல் கேள்வி கேட்டாலே இவ ஓடிடுவா. அப்புறம் அந்தப் படம். அந்தக் கண்ணு இவளோடதே இல்ல. என் பொண்ணு ஒட்டினது. ஒரு நாளைக்கு நூறு கண்ணு ஒட்டுறா."

"காலையில இது சாட்சி, சாயங்காலம் பொய்யா?" என்றேன்.

"ஒட்டுறவ கேமராவைப் பார்க்கற கண்ணைத்தான் ஒட்டுவா" என்றார் மேடம். "ஓரமா, கீழ பார்க்கற கண்ணை எவளாவது தேடிப்பிடிச்சு ஒட்டுவாளா? சரி, என் பேச்சு வேண்டாம்." படத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "தொடாதது. உங்க பொண்ணு கையெழுத்து. அவளைக் கூண்டுல ஏத்தி இதுக்கு என்ன அர்த்தம்னு கேப்போம்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அவளைக் கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"அவ வெளிய வர மாட்டா."

"வரவெப்பாங்க. கோர்ட் நிறைய ஆளுங்க இருப்பாங்க. எல்லாரும் அந்தக் கன்னத்தைப் பார்ப்பாங்க. வாசல்ல பேப்பர்காரங்க படம் எடுப்பாங்க. அதுல தழும்பை அழிக்க நீங்க இருக்க மாட்டீங்க."

நாலு வருஷத்தில் மேடத்தை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். ஒரு மனிதனுக்கு எங்கே வலிக்கும் என்று தேடிப் பிடித்து, அங்கேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

போட்டோகிராபர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவ படத்தை அந்தத் தரகர்கிட்டக் கொடுத்தேன். தழும்பை அழிச்சுட்டுதான் கொடுத்தேன். எந்த அப்பன் செய்ய மாட்டான்? படத்தைப் பார்த்துட்டு ஓடி வந்தாங்க. அவளைப் பார்த்துட்டு டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போனாங்க. அன்னியிலேருந்து எந்தக் கல்யாணத்துல என்னைப் பார்த்தாலும் தரகர் கூட்டத்துக்கு நடுவுல கத்துவார்: ‘போட்டோகிராபரே, படத்துக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு, பொண்ணுக்குத்தான் இன்னும் தேடணும்!’ எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஒன்பது வருஷம் சிரிச்சேன். அன்னிக்குப் பெட்டி மேல ஏறி நின்னுட்டும் அதையே சொன்னார்."

"ஏத்தினது நீங்க. சொல்றதுக்கு முன்னாடியே ஏத்திட்டீங்க. அதனால கோபத்துல பண்ணினேன்னு எழுதாதீங்க" என்றார் மேடம். "வால், பேப்பர் கொடு."

அவர் எழுதினார். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "நானே ஒத்துக்கிட்டா அவ வர வேண்டாம் இல்ல?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் மேடம், "வேண்டாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அந்த அம்மா கதவுவரை வந்தாள்.

"என்னைக் கேப்பாங்களா? யார் கூப்பிட்டாங்கன்னு?"

"கேப்பாங்க" என்றார் மேடம். "ரெண்டு வீட்டுக்காரங்களும் அங்க இருப்பாங்க."

"இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் போக முடியாது" என்றாள் அவள். எங்களிடம் சொல்லவில்லை. அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்துச் சொன்னாள். மேடம் ஏற்கெனவே பாதி மாடி இறங்கியிருந்தார்.

பெண்ணிடம் செய்தி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டூடியோவில் அவள் அப்போதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். திரையில் ஒரு மணமகள். கண்கள் மூடியிருந்தன. அவள் திறந்த கண்கள் இரண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"தெரியும். படத்தை முதல்ல பார்த்தப்பவே தெரியும். அப்பா ஓரத்துல பெட்டி போடவே மாட்டார். அதனாலதான் எல்லார் முன்னாடியும் கொண்டுவந்து போட்டேன். தனியாக் கொடுத்திருந்தா அழிச்சிருப்பார்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"எனக்காகத்தான் பண்ணேன்னு சொன்னாரா?"

"ஆமா."

"அந்தத் தரகர் வருஷத்துக்கு ரெண்டு தடவை கிண்டல் பண்ணினார். இவர் தினமும் ‘உள்ள போம்மா, ஆளுங்க வர்ற நேரம்’னு சொன்னார். இதுல எது பெருசு, நீங்களே சொல்லுங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எப்ப கேஸ்? நான் என்னிக்கு வரணும்?"

"நீங்க வரவே வேண்டாம்" என்றேன், நல்ல செய்தி சொல்கிறவனைப்போல. "அவரே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். உங்களை யாரும் பார்க்கக்கூடாதுன்னுதான் எழுதிக் கொடுத்தார்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. இதுவரை கலங்காத கண்கள் அப்போதுதான் கலங்கின.

"நாலு பேர் முன்னாடி நின்னு, என் பேரைச் சொல்லி, ‘இது என் கையெழுத்து’ன்னு சொல்லணும்னு இருந்தேன். நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன். புதுசா ஒரு சேலைகூட எடுத்து வெச்சிருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "கடைசியா அதையும் அழிச்சுட்டார்."

நல்ல செய்தியை ஆறப்போடக்கூடாது என்ற என் கொள்கையை அன்றைக்கே விட்டேன்.

அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். சுவரிலிருந்த தன் இருபது வயதுப் படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சிலை எடுத்து ‘தொட்டது’ என்று எழுதி, கவிழ்த்து வைத்தாள். பிறகு தெருக்கதவை அகலத் திறந்தாள், இரண்டு குடை விளக்குகளையும் போட்டாள், முக்காலியில் உட்கார்ந்து இடது கன்னத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அந்தக் கேமராவில பெரிய பட்டன் இருக்கும். அதை அழுத்துங்க" என்றாள்.

"எண்ணணுமா?" என்று கேட்டேன்.

"எண்ணாதீங்க. அப்படியே எடுங்க."